கிடங்கு வேலைக்கான மடக்குக்கத்தி: எந்த எஃகு, எந்த வாய்?

2023 ஆகஸ்ட் 6, வாசகர் ஒருவரின் கேள்வி

ஓசூரில் ஒரு மொத்த வியாபாரக் கிடங்கில் வேலை பார்க்கிறேன். நாளொன்றுக்கு எழுபது, எண்பது அட்டைப்பெட்டிகளைப் பிரிக்க வேண்டியிருக்கிறது. இடையிடையே பிளாஸ்டிக் பட்டை, நைலான் கயிறு, சாக்குத் தையல் ஆகியவற்றையும் அறுக்க வேண்டும். இப்போதுள்ள கத்தி இரண்டே நாளில் மழுங்கிவிடுகிறது. கடைக்காரர் டி2 எஃகில் செய்த மடக்குக்கத்தி ஒன்றைக் காட்டி, மாதக்கணக்கில் தீட்ட வேண்டியதே இல்லை என்கிறார். விலை மும்மடங்கு. எஃகு நல்லதாக இருந்தால் கத்தியும் நல்லதாகத்தானே இருக்கும்?

2023 ஆகஸ்ட் 6, இரவு

அப்படி இல்லை. எஃகின் பெயரைக் கேட்டுக் கத்தி வாங்குவது, அரிசியின் பெயரைக் கேட்டே சோற்றின் பதத்தைச் சொல்லிவிடுவது போன்றது.

தூத்துக்குடியில் பத்தொன்பது ஆண்டுகளாகக் கிடங்குக் கணக்கும் சரக்கும் பார்த்துவருகிறேன். நீங்கள் சொல்லும் அதே டி2 கத்தி ஒன்றை 2019இல் வாங்கினேன். முதல் ஐந்து வாரங்கள் அதைப் பார்க்கிறவர்களிடமெல்லாம் எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தேன். ஆறாவது வாரம் அது மழுங்கியது. வீட்டிலிருந்த கார்போரண்டம் கல்லில் அரை மணி நேரம் தேய்த்தும் வாய், அதாவது அறுக்கும் விளிம்பு, திரும்பவில்லை. போதாக்குறைக்கு, உப்புக்காற்றில் அலகின் அடிப்பகுதியில் செம்புள்ளிகள் தோன்றிவிட்டன. ஆகவே என் கருத்து இதுதான்: சாதாரணக் கல்லில் டி2வைத் தீட்ட முடியாது, தீட்ட முடியாத கத்தி எத்தனை நாள் கூர்மையாக இருந்தாலும் கடைசியில் மொட்டைக் கத்திதான். உங்களிடம் உள்ள கல்லில், உங்கள் கையால், பத்து நிமிடத்தில் வாய் எடுக்கக்கூடிய கத்தியை வாங்குங்கள்.

2023 ஆகஸ்ட் 8

காரணத்தைச் சொல்லாமல் தீர்ப்பை மட்டும் எழுதிவிட்டேன்.

கத்தியின் வாய் பல வழிகளில் கெடும். மென்மையான எஃகாக இருந்தால் வாய் ஒருபக்கமாக மடங்கும். மிகக் கடினமாக இருந்தால் பொடிப்பொடியாக உதிரும். உராயும் பொருளை அறுத்தால் தேயும். ஈரம் பட்டால் கண்ணுக்குத் தெரியாத துரு அதை அரிக்கும். அட்டைப்பெட்டி மூன்றாவது வகைப் பகைவன். பழைய காகிதத்தை அரைத்துச் செய்த அட்டையில் களிமண் நிரப்பியும் தூசியும் கலந்திருப்பதால், அதை அறுப்பது நுண்ணிய உப்புத்தாளை அறுப்பதற்கு ஒப்பானது. எண்பது பெட்டிகள் என்றால் உங்கள் கத்தி நாள்தோறும் எத்தனை மீட்டர் உப்புத்தாளின் மீது ஓடுகிறது என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

தேய்மானத்தைத் தாங்குவது எஃகுக்குள் சிதறிக் கிடக்கும் கார்பைடு மணிகள், அதாவது கார்பன் உலோகத்தோடு சேர்ந்து உண்டாகும் கடினமான துகள்கள். டி2வில் ஏறத்தாழ 1.5 விழுக்காடு கார்பனும் 12 விழுக்காடு குரோமியமும் இருக்கின்றன. இரண்டும் சேர்ந்து பெரிய பெரிய குரோமியம் கார்பைடு மணிகளாகின்றன. தகடு வெட்டும் அச்சுகளுக்காக உருவான எஃகு இது. கத்திக்கு வந்தது பிறகுதான். அந்த மணிகள் அட்டையைத் தாங்கும். ஆனால் குரோமியத்தில் பெரும்பங்கை அவையே பிடித்துக்கொள்வதால், துருவைத் தடுக்க எஃகில் மிஞ்சுவது குறைவு. 12 விழுக்காடு என்ற எண்ணைப் பார்த்துத் துருவேறாது என்று நம்பி ஏமாந்தவர்களில் நானும் ஒருவன்.

மறுமுனையில், சுவிட்சர்லாந்தின் விக்டரினாக்ஸ் கத்திகளின் எஃகு, கடினத்தை அளக்கும் ராக்வெல் சி அளவில் 56 அளவுக்கே கடினமாக்கப்படுகிறது. அது விரைவில் மங்கும். ஆனால் பீங்கான் கோப்பையின் அடிவிளிம்பில் பத்து முறை இழுத்தாலே பாதி கூர்மை திரும்பிவிடும். இரண்டுக்கும் நடுவே, பிரான்சின் ஓப்பினல் மடக்குக்கத்தியின் துருவேறா வகையில் வரும் எஃகுக்கு நெருங்கிய 12சி27 இருக்கிறது, 0.6 விழுக்காடு கார்பன், 13.5 விழுக்காடு குரோமியம். அதன் தம்பியான 14சி28என் வகையில் 0.11 விழுக்காடு நைட்ரஜனும் சேர்வதால் துருவைத் தாங்கும் ஆற்றல் கூடுகிறது. இவ்விரண்டிலும் கார்பைடு மணிகள் மிகச் சிறியவை. மெல்லிய வாயை உடையாமல் தாங்கும். நான் இன்று வாங்குவதாக இருந்தால் இந்த நடு வகையில்தான் வாங்குவேன்.

2023 ஆகஸ்ட் 9

கொல்லத்தெருவில் ஊசி விற்ற கதையாகிவிட்டது. கோயம்புத்தூரில் அச்சுப் பட்டறையில் முப்பது ஆண்டுகள் டி2வையே வெட்டியும் தீட்டியும் ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர், நான் முதல் நாள் எழுதியது தவறு என்று பொறுமையாக விளக்கியிருக்கிறார்.

அவர் சொல்வது இது: குரோமியம் கார்பைடின் கடினம் விக்கர்ஸ் என்ற இன்னொரு கடின அளவில் ஏறத்தாழ 1,500, அலுமினியம் ஆக்சைடு கல்லின் கடினம் 2,000க்கு மேல், கார்போரண்டம் என்று நாம் சொல்லும் சிலிக்கான் கார்பைடின் கடினம் 2,500 அளவில். கல்தான் கடினமானது, ஆகவே அது டி2வைத் தின்றே தீரும். கல்லுக்கு அடங்காதது வனேடியம் கார்பைடு. அமெரிக்காவின் குரூசிபிள் ஆலை 2001இல் கொண்டுவந்த எஸ்30வி எஃகில் 4 விழுக்காடு வனேடியம் இருப்பதால், அதற்குத்தான் வைரத்தூள் பதித்த தகடு வேண்டும்.

ஒப்புக்கொள்கிறேன். "சாதாரணக் கல்லில் டி2வைத் தீட்ட முடியாது" என்ற வரியை அடித்துவிடுங்கள். ஆனால் நான் அரை மணி நேரம் தேய்த்தது உண்மை, வாய் வராததும் உண்மை. அதற்குக் காரணம் தெரியாமல் இன்றிரவு தூக்கம் வராது.

2023 ஆகஸ்ட் 15

விடுமுறை நாள். வெர்னியர் அளவியை எடுத்து இரண்டு கத்திகளை அளந்தேன்.

என் டி2 கத்தியின் முதுகு 3.6 மி.மீ.; வாய்க்குச் சற்று மேலே, சாய்வு தொடங்கும் இடத்தில், 0.9 மி.மீ. லாரிப் பட்டை ஸ்பிரிங்கிலிருந்து உள்ளூர்க் கொல்லர் ஒருவர் அடித்துக் கொடுத்த மரப்பிடி மடக்குக்கத்தியின் முதுகு 2 மி.மீ.; வாய்க்கு மேலே 0.3 மி.மீ. அளவியை மேசையில் வைத்துவிட்டுச் சிரித்தேன். நான்கு ஆண்டுகளாகக் கத்தியென்று நினைத்து ஓர் ஆப்பைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறேன். அவ்வளவு தடித்த வாயில் புதுச் சாய்வு எடுக்க வேண்டுமென்றால் ஏராளமான உலோகத்தைத் தேய்த்தெடுக்க வேண்டும்; அரை மணி நேரம் எந்த மூலைக்கு? என் கல்லும் எண்ணெய் ஊறி, கரி படிந்து, கண்ணாடிபோல் அடைத்துக் கிடந்தது. சலவைத்தூள் போட்டுத் தேங்காய்நாரால் தேய்த்த பிறகுதான் அதன் சொரசொரப்பு திரும்பியது.

மூன்று மாலைகள் செலவிட்டு, கல்லின் கரடுமுரடான பக்கத்தில் அலகின் தோள்களை, அதாவது வாய்ச்சாய்வுக்கு மேலே தடித்திருக்கும் பகுதியை, தேய்த்து, வாய்க்கு மேலே 0.5 மி.மீ. ஆகும்வரை மெலித்தேன். வாயில் மார்க்கர் மையைத் தடவிவிட்டு, மை எந்த இடத்தில் அழிகிறது என்று பார்த்துப் பார்த்துக் கையின் சாய்வைத் திருத்திக்கொண்டேன். ஒருபக்கம் தேய்க்கும்போது மறுபக்கம் முழு நீளத்துக்கும் பிசிர், அதாவது மெல்லிய உலோக விளிம்பு, எழும்ப வேண்டும். பிசிர் எழாமல் பக்கம் மாற்றினால் அது வீண் உழைப்பு. கடைசியில் பழைய தோல்வாரில் இழுத்து, முழங்கை மயிர் வழியும் அளவுக்குப் பளபளப்பாக்கினேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

முன்பு இரண்டு கையால் அழுத்திப் பிளந்த பெட்டியை இப்போது விரல்களின் விசையாலேயே பிளக்கிறேன். அதே டி2தான், ஒரு விழுக்காடும் மாறவில்லை.

2023 ஆகஸ்ட் 20

விரித்த அலகு மடங்காமல் நிறுத்தும் பூட்டைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நான் அதை மறந்தது தவறு. எஃகு தவறாகப் போனால் நேரம் போகும், பூட்டு தவறாகப் போனால் விரல் போகும்.

பூட்டில்லாமல் ஸ்பிரிங்கின் இறுக்கத்தால் மட்டும் நிற்கும் கத்தியைக் குத்தவோ நெம்பவோ பயன்படுத்தக் கூடாது. பலகைப்பெட்டியின் இடுக்கில் மாட்டிய கயிற்றைப் பின்பக்கமாகத் தள்ளியபோது அப்படிப்பட்ட கத்தி ஒன்று மடங்கி, என் சுட்டுவிரலில் நான்கு தையல் போட வைத்தது. ஓப்பினல் கத்தி 1890 முதல் இருந்தாலும், அலகைப் பூட்டும் சுழல்வளையம் அதற்கு 1955இல்தான் வந்தது. எளிமையான, உறுதியான பூட்டு. ஆனால் இரண்டு கையும் வேண்டும். ஏணியில் நின்று ஒரு கையால் சரக்கைப் பிடித்திருப்பவனுக்கு அது உதவாது. பிடியின் உட்தகடு வளைந்து வந்து அலகின் அடியைத் தாங்கும் வகையை ஒரே கையால் திறந்து மூடலாம். சாக்குத்தூசி உள்ளே அடையும். வாரம் ஒருமுறை பல்துலக்கும் தூரிகையால் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைக்க வேண்டும்.

அலகின் வடிவமும் கவனிக்கத்தக்கது. கூர்முனைக் கத்தியால் பெட்டியைத் திறந்து, உள்ளே இருந்த மூன்று சட்டைகளையும் சேர்த்துக் கிழித்து, அந்தத் தொகையைச் சம்பளத்தில் இழந்த அனுபவம் எனக்கு உண்டு. வாய் நேராகவும் முதுகு முனைநோக்கி இறங்கி வளைந்தும் இருக்கும் வடிவத்தை, கயிறறுக்கும் கப்பல்காரர்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்துகிறார்கள். ஆடும் தளத்தில் கத்தி கைதவறினாலும் எதையும் குத்தாது என்பதே காரணம். சரக்கைத் திறப்பவனுக்கும் அதுவே ஏற்றது.

2023 செப்டம்பர் 3

எங்கள் தெருவுக்குச் சைக்கிளில் சாணைச்சக்கரம் பூட்டிக்கொண்டு வருபவரிடம் என் மருமகன் தன் புதுக்கத்தியைக் கொடுத்திருக்கிறான். பொறி பறக்க இரண்டே நிமிடத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டார். பார்த்தால் முனையில் கட்டைவிரல் அகலத்துக்கு நீலம் பாய்ந்திருந்தது. எஃகில் நீலம் தெரிந்தால், அந்த இடம் ஏறத்தாழ 300 டிகிரி செல்சியஸ் வரை சுட்டிருக்கிறது என்று பொருள். பெரும்பாலான கத்திகள் 200 டிகிரியை ஒட்டிய சூட்டில் பதம் வைக்கப்படுவதால், அதற்கு மேல் போகப்போகக் கடினம் குறைந்துகொண்டே வரும். அந்த முனை இனி எத்தனை முறை தீட்டினாலும் நிற்காது. நீலம் பாய்ந்த பகுதியையே தேய்த்து எடுத்துவிட வேண்டும். நீலம் தெரியாவிட்டாலும் தப்பித்ததாகச் சொல்ல முடியாது, ஏனென்றால் முடியளவு மெல்லிய வாய் கண் சிமிட்டும் நேரத்தில் சூடேறி ஆறிவிடும்.

அடிக்கடி தண்ணீரில் தோய்த்து மெதுவாகப் பிடிக்கக் கூடாதா என்று அவரிடம் கேட்டேன். "அப்படிப் பிடித்தால் ஒரு நாளைக்கு ஒரு தெருதான் பார்க்க முடியும், சார்" என்றார்.

2023 செப்டம்பர் 4

அவரைக் குறை சொன்னதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அரிவாள்மனையும் அரிவாளும் தடித்த வாய் கொண்டவை, சூட்டைத் தாங்கும். அவருடைய தொழில் அவற்றுக்கானது. தவறு மருமகனுடையது.

2023 அக்டோபர் 1

டெல்லிவரை லாரி ஓட்டும் நண்பர் ஒருவர், இப்படியொரு கத்தியை வைத்திருப்பது குற்றமா என்று கேட்கிறார். படைக்கல விதிகளின் அட்டவணை பேசுவது 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ கொண்ட அலகுகளைப் பற்றி. அதிலும் வீடு, வேளாண்மை, தொழில் ஆகியவற்றுக்கென்று செய்தவற்றுக்கு விலக்கு உண்டு. நாம் பேசிக்கொண்டிருப்பது மூன்றரை அங்குலக் கத்தி. ஆனால் டெல்லியில் தனி அறிவிக்கை இருக்கிறது. பொத்தானை அழுத்தினால் ஸ்பிரிங்கால் பாய்ந்து திறப்பது போன்ற இயந்திர அமைப்புள்ள கத்திகள், 7.62 செ.மீ. நீளமும் 1.72 செ.மீ. அகலமும் எட்டினால் அங்கே வழக்காகும். ஆகவே அவர் பொத்தான் கத்தியைத் தொடாமல் இருப்பது நல்லது. விமானத்தில் போகிறவர்கள் எந்தக் கத்தியையும் கைப்பையில் வைக்க முடியாது.

2023 அக்டோபர் 8

ஆகஸ்ட் 15 அன்று, தோல்வாரில் இழுத்து மயிர் வழியும்படி பளபளப்பாக்கச் சொன்னேன். அதில் பாதியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

அந்தப் பளபளப்பு வாய் காகிதத்தை வெண்ணெயாக அறுத்தது. நைலான் கயிற்றில் வைத்து இழுத்தபோதோ, வழுக்குப்பாறையில் கால் வைத்ததுபோல் வழுக்கிக்கொண்டே போயிற்று. மறுநாள் கரடுமுரடான பக்கத்தில் மட்டும் தீட்டி, பிசிரை நீக்கி, அதோடு நிறுத்திக்கொண்டேன். கண்ணுக்குப் புலப்படாத அரம்பப்பற்கள் அதில் நின்றுவிட்டன. கயிறு இரண்டு இழுப்பில் துண்டானது. இழுத்து அறுக்கும் வேலைக்குக் கரடான வாயும், அழுத்திச் சீவும் வேலைக்கு மெருகேற்றிய வாயும் ஏற்றவை. கிடங்கில் நாம் சீவுவது மதியச் சாப்பாட்டுக் கொய்யாக்காயை மட்டும்தான்.

2023 அக்டோபர் 22

இரண்டு மாதமாக எழுதிக்கொண்டிருக்கிறேன்; ஒன்றை மறைத்துவிட்டேன் என்று மனம் உறுத்துகிறது. எங்கள் கிடங்கில் அட்டைப்பெட்டிகளைத் திறப்பதற்கு நாங்கள் பெரும்பாலும் மடக்குக்கத்தியைப் பயன்படுத்துவதில்லை. கட்டர்தான்.

முனை மழுங்கினால் ஒரு கட்டத்தை ஒடித்து எறிந்துவிட்டு அடுத்த கட்டத்தில் அறுக்கும் அந்தக் கருவியை 1956இல் ஒசாகாவைச் சேர்ந்த யோஷியோ ஒகாடா உருவாக்கினார். ஒடித்து ஒடித்துத் தின்னும் சாக்லேட் கட்டியும் உடைந்த கண்ணாடியின் கூர்மையும்தான் அவருக்கு வழி காட்டின. அந்தக் கட்டரை விற்கும் ஓல்ஃபா நிறுவனத்தின் பெயரே 'ஒடிக்கும் அலகு' என்ற பொருள்கொண்ட ஜப்பானியச் சொல்லிலிருந்து வந்தது. எஃகு, பதம், கல், தோல்வார் என்று நான் எழுதிய எல்லாவற்றையும், அட்டைப்பெட்டியைப் பொறுத்தவரை, அந்த மனிதர் ஒரு ஒடிப்பில் தேவையற்றதாக்கிவிட்டார்.

அப்படியென்றால் மடக்குக்கத்தி எதற்கு? இறுகிய பட்டையில் கட்டரைக் கோத்து நெம்பினால் அலகு ஒடிந்து கண்ணை நோக்கித் தெறிக்கும். கயிறு, சாக்கு, பட்டை, கம்பியுறை, கொய்யா இவற்றுக்குத்தான் மடக்குக்கத்தி. உங்கள் எண்பது பெட்டிகளைக் கட்டரிடம் விட்டுவிட்டால், இரண்டு நாளில் மழுங்கும் உங்கள் பழைய கத்தியே மூன்று வாரம் தாங்கக்கூடும். ஒடித்த துண்டுகளைத் தரையில் போடாமல், மூடியில் துளையிட்ட தகர டப்பாவில் சேர்த்துவையுங்கள்.

2023 டிசம்பர் 27

பத்து நாட்களாக எழுத முடியவில்லை. 17, 18 தேதிகளின் மழையைப் பற்றி அனைவரும் அறிவீர்கள். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் பதிவானது. எங்கள் கிடங்கில் இடுப்பளவு நீர். மேசை இழுப்பறை நான்காம் நாள்தான் திறந்தது.

உள்ளே மூன்று கத்திகள் கிடந்தன. விக்டரினாக்ஸை நல்ல நீரில் அலசித் துடைத்தேன், பழையபடி ஆகிவிட்டது. கொல்லர் செய்த கார்பன் எஃகுக் கத்தி முழுக்கச் செம்மண் நிறமாகி, மரப்பிடி உப்பி, திறக்கவே மறுத்தது. மூன்று நாள் நிழலில் காய்ந்த பிறகு திறந்து, சாம்பலும் எலுமிச்சையும் போட்டுத் தேய்த்தால் துரு மேலாக வந்துவிட்டது. அடியில் சீரான கருஞ்சாம்பல் நிறம். டி2வின் நிலை வேறு. அங்கங்கே ஊசிமுனைக் குழிகள், பார்வைக்குச் சிறியவை, ஆனால் ஆழமானவை. வாயில் விழுந்த இரண்டு குழிகள் இரண்டு பல் விழுந்ததுபோல் தெரிகின்றன. முழுவதும் துருவேறும் எஃகு முழுவதும் அழுது தீர்த்துவிடும்; பாதி துருவேறா எஃகு ஓரிரு இடங்களில் ஆழமாகப் புண்படும்.

கடலோடும் உப்பளத்தோடும் வேலை செய்பவர்களுக்கு, கார்பனுக்குப் பதில் பெருமளவு நைட்ரஜனால் கடினமாக்கப்பட்ட எல்சி200என் போன்ற எஃகுகள் இருக்கின்றன. உலோகவியலாளர் லாரின் தாமஸ் வடிவமைத்து 2021இல் சந்தைக்கு வந்த மேக்னாகட் என்ற எஃகு, குரோமியத்தைக் கார்பைடுக்குள் சிக்கவிடாமல் எஃகிலேயே தங்கவைப்பதால் துருவையும் தேய்மானத்தையும் ஒருசேரத் தாங்குகிறது. இவற்றின் விலை என் மாத வாடகையை நெருங்குகிறது என்பதால் நான் இரண்டையும் கையில் தொட்டதில்லை.

2023 டிசம்பர் 28

காலையில் பழைய குறிப்புகளைப் படித்தபோதுதான் உறைத்தது. கேட்டவர் ஓசூர்க்காரர். கடலிலிருந்து வெகுதொலைவு, ஏறத்தாழ 900 மீட்டர் உயரம். நான் தூத்துக்குடியின் துருவை வைத்துக்கொண்டு அவரை டி2விலிருந்து விரட்டியிருக்கிறேன். மெலித்த வாயோடு, உலர்ந்த ஊரில், அந்தக் கடைக்காரர் காட்டிய கத்தி அவருக்கு நன்றாகவே உழைத்திருக்கும்.

2024 ஜனவரி 7

அவர் இன்னும் எதுவும் வாங்கவில்லை என்று எழுதியிருக்கிறார். ஐந்து மாதமாக என் குறிப்புகள் முடிவதற்காகக் காத்திருந்தாராம். வெட்கமாகிவிட்டது. டி2வின் வாயைக் குழிகள் மறையும்வரை தேய்த்து, கரடான வாய் எடுத்து, ஓசூர் வழியாகப் பெங்களூருக்குச் சரக்கேற்றிச் செல்லும் லாரியில் கொடுத்தனுப்பிவிட்டேன். கூடவே ஒரு கார்போரண்டம் கல். மூட்டிலும் அலகிலும் தேங்காயெண்ணெய் தடவி அனுப்பியிருக்கிறேன். நான் எப்போதும் தடவுவது அதைத்தான், கொய்யாவை நறுக்கினாலும் கேடில்லை. வாரம் ஒரு சொட்டு விட்டால் போதும் என்று சீட்டும் எழுதி வைத்தேன்.

2024 ஜனவரி 21

ஓசூரிலிருந்து செய்தி. கத்தி நன்றாக அறுக்கிறதாம். இரண்டு வாரமாகக் கல்லைத் தொடவில்லையாம். ஆனால் காலை ஏழு மணிக்கு வேலைக்குப் போனதும் கத்தி திறப்பதே இல்லை, கட்டைவிரல் வலிக்கத் தள்ள வேண்டியிருக்கிறது, பத்து மணிக்கு மேல் தானாகச் சரியாகிவிடுகிறது, வெள்ளத்தில் மூட்டு ஏதும் கெட்டுவிட்டதா என்று கேட்கிறார்.

மூட்டு கெடவில்லை. தேங்காயெண்ணெய் 24 டிகிரி அளவிலேயே உறையத் தொடங்கும். தூத்துக்குடியில் என் புட்டியில் அது உறைந்து நான் பார்த்தது அபூர்வம். உங்கள் ஊரின் தை மாதக் காலையில் அது மெழுகாகத்தான் இருக்கும். மண்ணெண்ணெயால் மூட்டைக் கழுவிவிட்டு, தையல் இயந்திர எண்ணெய் ஒரு சொட்டு விடுங்கள். என் சீட்டைக் கிழித்துப் போட்டுவிடுங்கள். கொய்யா நறுக்கும்முன் அலகை மட்டும் நன்றாகத் துடைத்துக்கொள்ளுங்கள்.